கோட்டைக்குள் அம்மா இருந்த மாதம்

ஏரிக்கரைப் பூங்காவில் இருக்கும் பழைய பட்டாளத்துக் கோட்டையைப் புதுப்பித்து, சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மை கண்டவர்களை இடிந்து கிடந்த இந்தக் கோட்டைக்குள்தான் வைத்திருந்தார்கள். நோய் பரவாமலிருக்க வாசலெங்கும் சுண்ணாம்புத்தூள் கொட்டியிருந்தது. அம்மாவும் உள்ளே இருந்தாள். காவல்காரர் எங்களை உள்ளே விடாததால், அப்பா என்னைத் தோளில் ஏற்றி, துப்பாக்கி நீட்டும் துவாரத்தருகே தூக்கிப் பிடித்தார்.

"முகத்தைக் காட்டும்மா" என்றேன்.

"வேணாம் கண்ணு. சாப்பிட்டியா?" என்று குரல் மட்டும் வந்தது.

ஒரு மாதம் கழித்து அம்மா, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினாள். முகமெல்லாம் தழும்பு. நான் அலறிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஒளிந்தேன். அப்பா கையை ஓங்கினார்.

"புள்ளைய அடிக்காதீங்க. பழகட்டும்" என்ற அம்மா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குச் சோறு போடும்போதும் அப்படியே இருந்தாள்.

ஒரு மழைக்காலையில் அவள் கூடையை எடுக்கக் குனிந்தபோது, நானே முந்தானையை விலக்கிக் கன்னத்தில் கைவைத்தேன். சொரசொரவென்றிருந்தது. வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பின் முழக்கம் கேட்டும் அம்மா நகரவில்லை.

இப்போது கோட்டை வாசலில் வைத்திருந்த பலகையில் பட்டாளத்து அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் இருந்தன.

"அம்மை கண்டு இங்க கெடந்த நம்ம ஆளுங்களப் பத்தி ஒண்ணும் எழுதலியேம்மா" என்றாள் மகள்.

அவளைப் புல்லில் உட்காரவைத்து, அத்தனை வருடமாக அவளிடம் சொல்லாத என் அம்மாவின் கதையைச் சொன்னேன். நான் அலறி ஒளிந்ததையும் மறைக்கவில்லை.