யாருமே விழாத மாடி

நேற்று காலை, ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் என் மச்சினன் குமரவேல் விழவில்லை.

பாத்ரூம் தரை ஈரமாக இருந்தது. கால் வழுக்கியது. பின்மண்டை வாஷ்பேசினில் இடித்தது. ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

ஆனால் விழவில்லை!

(நான் ரிப்போர்ட்டர். ஆதாரமில்லாமல் எழுதும் பழக்கம் இல்லை. ஆஸ்பத்திரி ரிக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது.)

குமரவேல் வீராம்பட்டினத்தில் மீன் ஏலம் விடுகிறவர். சர்க்கரை நோயாளி. காலில் புண், அதைச் சுத்தம் செய்து கட்டுப் போடத்தான் சேர்த்திருந்தோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே ரத்தம் கசியலாம். இதை முன்பே ஒரு டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரி இது. வார்டு வாசலில் ஒரு போர்டு: 'இந்த மாதம் கீழே விழுந்த நோயாளிகள்: 0.' அந்த முட்டையைப் பச்சை நிறத்தில், தூரத்திலிருந்தும் தெரிகிற மாதிரி வரைந்திருந்தார்கள். முட்டை வாங்கும் கிளைக்கு ஷீல்டு உண்டு.

(பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய முட்டைக்கெல்லாம் யாரும் ஷீல்டு தரவில்லை.)

நேற்று மதியம் அந்த ஷீல்டைக் கொடுப்பதாக இருந்தது. காலையில் இவர் வழுக்கினார்.

"சிஸ்டர், இவரு விழுந்துட்டாரு. தலையில அடி. உடனே ஸ்கேன் எடுக்கணும்" என்றேன்.

சின்னப் பெண். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "வுழல சார், உக்காந்துட்டாரு" என்றாள்.

"மண்டையாலயா உக்காந்தாரு?"

வார்டு இன்சார்ஜ் மேடம் வந்தார். நிதானமானவர்.

"டென்ஷன் ஆவாதீங்க சார். 'தரையில் அமர்ந்த நிலையில் காணப்பட்டார்'னு போட்டுக்கறோம்."

அசந்துவிட்டேன்! எத்தனையோ வருடமாகப் போலீஸ் குறிப்புகளில் 'லேசான தடியடி' படித்து வளர்ந்தவன் நான். அவர்கள்கூட இந்த உயரத்தைத் தொட்டதில்லை.

"சரிங்க மேடம். உக்காந்தவருக்கு எதுக்கு ஸ்கேன்னு நாளைக்கு யாராவது கேக்க மாட்டாங்களா?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன். எதுக்கு ஸ்கேன்?"

அப்போது குமரவேல் மெதுவாகச் சொன்னார்: "மாமா, இந்தம்மா ரெண்டு பேரா தெரியறாங்க. ஒருத்தரே தாங்க மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பார்வை இரண்டாகிறது என்று இப்படிச் சிரித்துக்கொண்டே சொன்ன ஒருவரை என் அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அவர் வீடு திரும்பவில்லை.

நல்லவேளை, டியூட்டி டாக்டர் வந்தார். மாத்திரையின் பெயரைக் கேட்டதும் முகம் மாறியது.

"எப்படி வுழுந்தீங்க?"

மேடம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மேடத்தைப் பார்த்தார். இருவரும் வாசலிலிருந்த முட்டையைப் பார்த்தார்கள்.

"நா வுழல டாக்டர்" என்றார் குமரவேல். "தரதான் எழும்பி வந்து மண்டையில இடிச்சிடுச்சு. இன்னா கேஸு போடணுமோ தர மேல போட்டுக்கோங்க."

டாக்டர் 'கடும் தலைவலி' என்று எழுதி ஸ்கேனுக்கு அனுப்பினார். முட்டை தப்பித்தது!

ஸ்கேன் அறை வாசலில் நின்றேன். கூட வந்த அந்தச் சின்ன சிஸ்டர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா நெனைக்காதீங்க சார். வுழுந்துட்டாருன்னு எழுதினா மெமோ எனக்குத்தான். எனக்கு முன்ன இந்த வார்டுல இருந்த அக்கா உள்ளத உள்ளபடி எழுதுனாங்க. அவ்ளோ தூரம் காரைக்கால் கிளைக்கு மாத்திட்டாங்க. கொழந்த இங்க மாமியார்கிட்ட கீது."

அவளிடம் நக்கலாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. விழுகிற நோயாளியைப் பிடிப்பதைவிட, விழுந்ததை எழுதுகிற நர்ஸைப் பிடிப்பது சுலபம் என்று இந்த ஆஸ்பத்திரியின் தலைமை அலுவலகம் கண்டுபிடித்திருக்கிறது.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை! ஒரு நாள் கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் பார்வையும் சரியானது. மேடம் ஒருவராகிவிட்டார்.

மதியம் கைத்தட்டல், போட்டோ, ஷீல்டு. கட்டிலுக்குக் கட்டில் கேக் வந்தது. சர்க்கரை நோயாளிக்கும் வந்தது. (நோயாளி பாதுகாப்புக் கேக்.)

கேக்கோடு வந்த மேடத்திடம் கேட்டேன்: "அந்த பாத்ரூம் குழாய் ஒழுகறதுதான் ஈரத்துக்குக் காரணம். அத எப்ப மேடம் சரி பண்ணுவீங்க?"

"சம்பவ ரிப்போர்ட் இருந்தாதான் சார் மெயின்டனன்ஸ்ல வருவாங்க."

"போட்டுடுங்களேன்."

"சம்பவம்தான் நடக்கலியே சார்."

அவர் கிண்டல் செய்யவில்லை. கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார்.

இன்று காலை டிஸ்சார்ஜ். கணக்கை முடித்துவிட்டு மேலே போனால் கட்டிலில் ஆள் இல்லை. தலையில் ஒரு கட்டு, காலில் ஒரு கட்டோடு, பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் மச்சினன்.

"இங்க இன்னா பண்ற?"

"ஆட்டோ வர்ற வரிக்கும் சும்மாதான மாமா கீறேன்."

உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சாரம் பகுதியிலிருந்து வந்து நேற்றுச் சேர்ந்த ஒரு பெரியவர், ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். குமரவேல் எழுந்து கையை நீட்டித் தடுத்தார். ஏலம் விடுகிற குரல், வார்டு முழுக்கக் கேட்டது.

"பெரியவரே, நில்லுங்க! இந்த மாடியில யாரும் வுழ மாட்டாங்க. அதனால என் கைய கெட்டியா புடிச்சிக்கினு வாங்க!"