விசரில்லாத நரி

“நாநா, வாலுல ஒரு மயிரு இல்லாத நரி பட்டப்பகல்ல வயலுக்குள்ள திரியுது. விசர்தான், கடிச்சா மனுசனுக்கும் வெறி புடிக்கும்,” என்றான் பக்கத்து வயல் வின்சன்ட்.

“அது சொறி,” என்றார் ஸக்கரியா.

“உங்க நாய்க்கும் காதெல்லாம் பொருக்கு.”

“அதுவும் சொறிதான். தோலுக்குள்ள பூச்சி வளை தோண்டுது. மாத்தளையில மிருக வைத்தியர் சொறண்டி எடுத்து பூதக்கண்ணாடியில காட்டினாரு. எட்டுக் காலு.”

“அம்புட்டுச் சின்னப் பூச்சிக்குக் காலை எண்ணிட்டு வந்தீங்களாக்கும்.” வின்சன்ட் சிரித்து முடித்தான். “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து துவக்கை எடுப்பேன். ரெண்டையும் சுட்டுப் போடுறேன்.”

அது 1962, பல்லேபொலயில் கதிர் முற்றும் நேரம். நாய் இல்லாவிட்டால் ஸக்கரியாவின் ஒரு ஏக்கர் வயலைப் பன்றிகள் உழுதுவிடும். வீட்டுப் பக்கம் வராமல் காவல் குடிலிலேயே கிடந்த அதற்கு, கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஒரு வாரமாகவே தினம் இரண்டு தரம் பூசிவந்தார். நாய் பட்ட கை என்பதால் மார்க்கம் சொன்னபடி ஒவ்வொரு தரமும் ஏழு முறை கழுவினார், அதில் ஒரு முறை மண் போட்டு.

“கெணத்துல மிச்சம் இருக்குறது சேறு,” என்றாள் மனைவி உம்மு குல்தூம். “அதையாவது எங்களுக்கு வைங்க.”

இத்தனை செய்தும் சொறி ஆறவில்லை. காரணம் பதினோராம் நாள் காலையில்தான் தெரிந்தது. நாயைக் கழுவினார், எண்ணெய் பூசினார். அது படுக்கும் வைக்கோலை மட்டும் மாற்றவே இல்லை. நாய் வரப்பைச் சுற்றப் போன நேரம் பார்த்து அந்த நரி அதே வைக்கோலில் சுருண்டு கிடந்தது. அவரைக் கண்டு எழுந்தது, ஆற அமரச் சொறிந்தது, ஓடையில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

வைக்கோலை வரப்பில் இழுத்துப்போட்டுக் கொளுத்தினார். விசர் பிடித்தது இப்படித் தண்ணீர் குடிக்குமா என்று வின்சன்டிடம் போய்க் கேட்டார். அவன் துவக்கைத் துடைத்துக்கொண்டே, “இப்ப உங்களுக்குமில்ல கை அரிக்குது, நாநா,” என்றான். பொய்யில்லை. முழங்கை வரை தடித்திருந்தது.

சனிக்கிழமை, பிஸ்கட் தகரத்தில் வெட்டிய இரண்டு துண்டுகளோடு உடன்பிறந்த ராத்தாவின் மகள் ஜுனைதாவிடம் வந்தார். தமிழும் சிங்களமும் படித்தவள், அதிகம் பேசமாட்டாள்.

“புள்ள, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். ‘விசர் இல்லை, சொறி. சுட வேண்டாம்.’ இது நாய் கழுத்துக்கு.”

எழுதிக் கொடுத்துவிட்டு மற்றத் தகரத்தைப் பார்த்தாள்.

“அது நரிக்கு. கழுத்துல கட்ட நிக்காது, ஓடைக்கரை மரத்துல அடிக்கணும். அதுலயும் அதையே எழுதிக் குடு. எழுத்து பெருசா இருக்கட்டும். துவக்கு குறி வைக்கிற தூரத்துல நின்னா வாசிக்கத் தெரியணும்.”