ஒன்பது ஐந்துக்கு எழுதிய வரி

2024 நவம்பர் 9, சனிக்கிழமை. அன்று காலை ஏழு பத்துக்கும் ஏழு இருபத்திரண்டுக்கும் இடையில் என் ஆறு நியூட்டுகளையும் கொன்றது நான்தான். சலோமி அல்ல!

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது.

அன்றைய காலையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து முப்பதுக்கு எழுந்தேன். ஐந்து நாற்பதுக்குத் தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன், இருபத்திரண்டு டிகிரி. ஃப்ரீசரில் உறைய வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தொட்டியில் மிதக்கவிட்டேன். ஆறு பத்துக்குக் காப்பி. ஆறு நாற்பதுக்கு இரண்டு கைகளிலும் முழங்கை வரை கொசு கிரீம் தடவினேன். எங்கள் தெருவில் அந்த வாரம் மூன்று பேருக்கு டெங்கு. இரண்டாம் சனிக்கிழமை என்பதால் கல்லூரி இல்லை. தொட்டியை நிதானமாகச் சீர்செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

இவ்வளவும் எப்படி நினைவிருக்கிறது என்கிறீர்களா? நினைவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

நான் சித்தூரில் ஒரு ஜூனியர் காலேஜில் விலங்கியல் நடத்துகிறேன். வயது ஐம்பத்தொன்று. தனியாக இருக்கிறேன். இருபத்தாறு வருடமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். அழுகை, ஆதங்கம் எதுவும் கிடையாது. எங்கள் சர்ச் சபையில் யாருக்காவது ஒரு தேதியில் சந்தேகம் வந்தால், “டீச்சரக் கேளுங்க, எழுதி வச்சிருப்பாங்க” என்பார்கள். அந்தப் பெயர்தான் வினையாயிற்று. எனக்கா? எனக்கு என்ன வினை... சலோமிக்கு!

நியூட் என்பது சாலமாண்டர் குடும்பத்துப் பிராணி. ஜாடை சுவர்ப் பல்லியினுடையது, தோல் தவளையினுடையது. முதுகு கறுப்பு, வயிறு தணல் போலச் சிவப்பு. குளிர்ந்த நாட்டு உயிர். தண்ணீர் இருபத்துநான்கு டிகிரியைத் தாண்டினாலே வாடத் தொடங்கிவிடும். அதைப் போய்ச் சித்தூரில் வளர்ப்பதா? மே மாதத்தில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் கை பொத்துப்போகும்!

ஆனால் எத்தனை வருடம்தான் ஃபார்மலின் ஜாடிக்குள் வெளுத்துக் கிடக்கும் ஒரு சாலமாண்டரை மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பது? உயிரோடு பார்க்க ஆசைப்பட்டேன். சென்னையில் வண்ணமீன் விற்பவர் ஒருவரிடம் ஆறு வாங்கினேன். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வடமாலபேட்டையில் டயர் பஞ்சராகி நாற்பது நிமிடம் வண்டி நின்றபோது, பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து பஸ்ஸே சிரித்தது.

அவற்றின் வீட்டைக் கட்ட நான்கு மாதம் ஆனது. மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. முக்கால் பாகம் தண்ணீர், கால் பாகம் நிலம். நிலத்துக்கு அடியில் கூழாங்கல், அதன்மேல் கொசுவலைத் துணி, அதன்மேல் தேங்காய் நார்த்தூள். கரையேற வசதியாகச் சரிவாக ஒரு தட்டைக்கல். ஒளிந்துகொள்ள பாதாம் மரத்துச் சருகு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் இரண்டு நாள் திறந்த வாளியில் வைத்து, பிறகுதான் ஊற்றுவேன். எல்லாம் செய்தும் அது தொட்டியாகவே இருந்தது. பாசி பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பாசி மூன்று முறை பழுப்பேறிச் செத்தது. எனக்கு வந்த எரிச்சலில் கல்லை எடுத்துக் கண்ணாடியிலேயே போட்டிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் சலோமி ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். ஆறு வருடமாக என் வீட்டில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்தவள். எங்கள் சபைக்காரி. கணவனை இழந்தவள்.

“நம்ம கோயிலு பின்னால கெணத்துச் செவுரு இல்ல டீச்சரம்மா? அங்க பச்சப்பசேல்னு படிஞ்சிக்கினு கீது. சொரண்டி எடுத்தாந்தேன். உங்க பல்லிங்களுக்கு இது புடிக்குமா, இல்ல இத்தயும் நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கணுமா?”

அந்தப் பாசி பிடித்துக்கொண்டது. இரண்டே வாரத்தில் கல்லெல்லாம் பச்சை. நியூட்டுகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன. நான் மண்புழுவைத் துண்டாக்கி இடுக்கியால் ஊட்டுவேன். சலோமி துடைப்பத்தோடு பக்கத்தில் நின்று, “எனுக்கே எங்க வூட்ல இப்பிடி ஒருத்தரும் ஊட்டினதில்ல. சரி, துன்னுங்கடி ராணிங்களா!” என்பாள்.

அவள் கொண்டுவந்த பாசியின்மேல் வாழ்ந்தவைதாம் அவை. அதை நான் மறந்தேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சரிந்திருந்த தட்டைக்கல்லை நகர்த்தி, பாசியைப் பிரித்து நட, இரண்டு கைகளையும் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டேன். பன்னிரண்டு நிமிடம்! இவற்றின் தோல் தண்ணீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்று இருபது வருடத்துக்கும் மேலாக வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கொசுவுக்கே ஆகாத கிரீமைப் பூசிக்கொண்ட கைகள்... எனக்கு உறைக்கவே இல்லை.

பத்து இருபதுக்கு சலோமி அந்த அறையைத் துடைத்தாள். அங்கே வெறும் தண்ணீர்தான் என்று முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தேன். டெங்கு பயத்தில் அன்று அவள் வாளியில் பினாயில் ஊற்றிவிட்டாள். வாசனை எனக்கு வந்தது. குறித்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு முதலாவது செத்தது. உடம்பை முறுக்கி, வாயைத் திறந்து, சிவந்த வயிறு மேலே தெரிய மிதந்தது. நான்கு மணிக்குள் ஆறும்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்! சாயங்கால வேலைக்கு வந்தவள் முன் டைரியை விரித்தேன். வரிமேல் விரலை வைத்து வாசித்தேன். “பத்து இருபது, சலோமி பினாயிலால் துடைத்தாள். பதினொன்று முப்பது, முதல் நியூட் இறந்தது. பன்னிரண்டு பதினைந்து, இரண்டாவது...”

“தொட்டியில ஒரு சொட்டுகூட உழல டீச்சரம்மா. தரையத்தானே தொடச்சிக்கினு போனேன்.”

“அந்தக் காற்றே போதும்” என்றேன். விலங்கியல் டீச்சர் சொல்கிறேன். அவள் எப்படி மறுப்பாள்?

குனிந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “இன்னா எழுதிக்கிறீங்களோ... நான் தெலுங்குல படிச்சவ, இந்த எழுத்து எனுக்கு எங்க தெரியும்? நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

எங்கள் பக்கம் இது சாதாரணம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எனக்கு நைனா, அதாவது என் அப்பா, வேதாகமத்தை வைத்துத் தமிழ் எழுத்தைச் சொல்லித்தந்தார். அவளுக்கு அப்படி யாரும் இல்லை.

மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றேன். போகும்போது தொட்டியை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமைதோறும் வாரக் குறிப்புகளை ஓர் அட்டவணையில் எழுதுவது என் பழக்கம். அந்தத் திங்களும் உட்கார்ந்தேன். சனிக்கிழமைப் பக்கத்தை மேலிருந்து படித்தேன். அவளிடம் வாசித்துக் காட்டும்போது நான் பத்து இருபதிலிருந்துதானே தொடங்கினேன்? அதற்கு நேர் மேலே, என் கையெழுத்தில், ஒரு வரி.

“9.05. இரண்டு நியூட்டுகள் தண்ணீரை விட்டுக் கல்லில் ஏறிவிட்டன. மண்புழுவைத் தொடவில்லை. வாய் திறந்திருக்கிறது.”

பினாயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால்! அதற்கு மேல் வரி, தொட்டியில் கை. அதற்கும் மேல் வரி, கிரீம்.

அவள் கண் பட்டுக்கொண்டிருந்த அதே பக்கத்தில், என் விரலுக்கு ஒரு விரற்கடை மேலே, அவளுடைய விடுதலை எழுதியிருந்தது. அவளால் படிக்க முடியவில்லை. என்னால் முடிந்தது, நான் படிக்கவில்லை.

அன்றே போயிருக்க வேண்டும் இல்லையா? அவள் வீடு பத்து நிமிட நடை. போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளினேன். ஞாயிறு வந்தது, கூட்டமாக இருக்கிறதே என்று தள்ளினேன்.

இதுவரை சொன்னதை நீங்கள் மறதி என்றோ கோழைத்தனம் என்றோ விட்டுவிடலாம். இனிச் சொல்லப்போவதை விட முடியாது.

அடுத்த ஞாயிறு சபைக் கமிட்டி கூடியது. ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, சாவியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. அந்தக் கிணற்றுச் சுவரை ஒட்டி இரண்டு அறை வீடும் உண்டு. சலோமி கேட்டிருந்தாள். அவள் வாடகைக்கு இருந்த வீட்டில் மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகும். கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினர். மூத்தவரான தேவசகாயம் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“இன்னா டீச்சர், உங்க வூட்ல வேல செஞ்ச பொண்ணுதானே? நம்பி சாவி குடுக்கலாமா? நீங்க சொன்னா அப்பீலே கெடையாது.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எனக்காகக் காத்திருந்தார்கள்.

“நல்லவள்தான். கவனம் கொஞ்சம் குறைவு” என்றேன்.

ஏன் சொன்னேன்? பதினோரு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கவனமானவள் என்று நான் சொல்லியிருந்தால், பிறகு ஏன் நிறுத்தினீர்கள் என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவ்வளவுதான்... அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. நான் வீட்டுக்கு வந்து எழுதினேன்: “4.30 முதல் 5.15 வரை கமிட்டி.” என்ன சொன்னேன் என்பதை எழுதவில்லை. இருபத்தாறு வருடத்தில் நான் வேண்டுமென்றே விட்ட முதல் வரி அது.

தொட்டியைக் கொட்டிக் கழுவினேன். ஜனவரியில் புதிதாக நான்கு நியூட் வாங்கினேன். பாசிக்கு அதே கிணற்றுச் சுவருக்குத்தான் போனேன். வேறெங்கும் அப்படிப் பிடிப்பதில்லை. இப்போது வெறும் தண்ணீரில் மூன்று முறை கழுவாமல் கையை உள்ளே விடுவதில்லை. மார்ச்சில் நீர்ச்செடி இலைகளை மடித்து முட்டையிட்டன. சபையிலிருந்து பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எவ்வளவு பொறுமை, எவ்வளவு கவனம் என்கிறார்கள். காது கூசுகிறது!

நேற்று கல்லூரி வேலையாகத் திருப்பதிக்குப் போக வேண்டியிருந்தது. காலை ஐந்து ஐம்பது பஸ். ஏறினால், காலியாக இருந்த ஒரே இடம் சலோமியின் பக்கத்தில்.

“வாங்க டீச்சரம்மா, குந்துங்க” என்று நகர்ந்து இடம்விட்டாள். திருப்பதியில் யாத்ரீகர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிறாளாம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். திருமலைக்குப் போகிற கூட்டம் குறைவதே இல்லை, அதனால் துடைப்பதும் குறைவதில்லை என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“புதுசா பல்லிங்க வாங்கிக்கிறீங்களாமே? முட்ட போட்டுச்சாமே? நல்லா கீதுங்களா?”

“இருக்கின்றன” என்றேன்.

“லாட்ஜில தெனிக்கும் பினாயிலுதான். மூடியத் தொறந்தா போதும், அந்த ஆறும் கண்ணு முன்னால வந்து நிக்குதுங்க. வாயில்லா ஜீவனுங்க, என் கையால பூட்ச்சே... ஜெபத்துல சொல்லிக்கினுதான் கீறேன். நீங்களும் மனசுல வச்சிக்காதீங்க டீச்சரம்மா. மன்னிச்சிடுங்க.”

கேளுங்கள், நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பரவாயில்லை, விடு” என்றேன்.

மன்னித்தேன்! நான், அவளை! அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் அவள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாகாலாவைத் தாண்டியதும் அவள் தூங்கிப்போனாள். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரக்கசாலி ஆனேன்.

சாயங்காலம் வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் எழுதிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் தினமும் வகுப்பில் பாடம் நடத்துவது தெலுங்கில். கடிதம், விண்ணப்பம் எல்லாம் எனக்குத் தெலுங்கில் தடையில்லாமல் வரும். ஆனால் இதை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் படிக்கலாம், முகம் தெரியாத யார் வேண்டுமானாலும் படிக்கலாம்... அவள் ஒருத்தியைத் தவிர!

வேறொரு தாளை எடுத்தேன். மேலே தெலுங்கில் தேதியிட்டேன். அதன் கீழே ‘சலோமிக்கு’ என்று எழுதினேன். காலையில் முதல் வேலையாக முடித்துவிடுவது என்று பேனாவை அதன்மேலேயே வைத்துவிட்டுப் படுத்தேன்.

இன்று காலை ஐந்து முப்பதுக்கு எழுந்தேன். முதல் வேலையாக வெறும் தண்ணீரில் மூன்று முறை கைகழுவினேன். வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. பாட்டிலை மாற்றினேன். குறிக்கப் பேனா வேண்டியிருந்தது. அந்தத் தாளின்மேலிருந்து எடுத்துக்கொண்டேன். டைரியில் எழுதி முடித்தபோது, திருப்பதி பஸ் எங்கள் தெருமுனையில் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. மணி ஐந்து ஐம்பத்து மூன்று.