ஏப்பத்தில் மணந்த சாம்பார்

மயக்க மருந்து இயந்திரத்தை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதை நான் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். நோயாளியிடமிருந்து உண்மையை எப்படிக் கறப்பது என்றுதான் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனை. பித்தப்பைக் கல்லுக்காக பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் அறுவை மேஜையில் படுத்திருந்தார். வெறும் வயிறாக இருந்தால்தான் மயக்கம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் உண்டது மேலேறி நுரையீரலுக்குள் போய் ஆளையே முடித்துவிடும்.

"காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"பச்சத்தண்ணிகூட இல்லீங்க டாக்டர்."

நர்ஸிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். என்னிடம் சொன்ன கையோடு ஓர் ஏப்பம் விட்டார். அதில் சின்ன வெங்காயச் சாம்பார் மணந்தது.

கையுறையோடு நின்ற சர்ஜனுக்குப் பொறுமையில்லை. "அவரே இல்லைங்கறார். நீங்க என்ன, ஏப்பத்தை மோப்பம் பிடிச்சுட்டு?"

முதலாளியும் கைகூப்பினார். "இன்னிக்கு உட்டா நல்ல நாள் இல்லீங்க. ஆரம்பிச்சிருங்க சாமி."

நேராகக் கேட்டுப் பயனில்லை. ஆனால் இந்தப் பக்கத்து மனிதர்கள் எதைச் சொன்னாலும் தாங்குவார்கள், இட்லியைக் குறைத்துப் பேசினால் மட்டும் தாங்க மாட்டார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"எங்க ஊட்டு இட்லியும் கல்லுதானுங்க. இந்தத் திருப்பூர்த் தண்ணிக்கு எவ ஊத்துனாலும் மெத்துன்னு வராதாட்டம் இருக்குது."

"ஏனுங்க வராது?" தலையையே தூக்கிவிட்டார். "நம்மூட்டுல வந்து பாருங்க, பஞ்சாட்டம் இருக்கும். இன்னிக்குக் காலைலகூட ஆறு..."

முதலாளி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆறுங்களா?" என்றேன்.

"சின்னதுங்க," என்றார் பரிதாபமாக. "நல்ல காரியத்துக்கு வெறும் வயித்தோட போகக்கூடாதுன்னு ஊட்டுல வெச்சுட்டாங்க."

சர்ஜன் கையுறையைக் கழற்றினார்.

நல்ல நாளோ இல்லையோ, மறுநாள் நிஜமான பட்டினியோடு வந்தார். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கண் விழித்ததும் மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "டாக்டரூட்டுக்கு மாவு குடுத்தாச்சா?"

கொடுத்தாகிவிட்டது. ஒரு தூக்குப்போசி நிறைய மாவு. கூடவே என் மனைவிக்கு, உளுந்து எவ்வளவு போட வேண்டும் என்ற கனிவான ஆலோசனை. என் மனைவி சுடும் இட்லி உண்மையில் அருமையாக இருக்கும். ஓர் உயிரைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னேன் என்று வீட்டில் விளக்கினேன்.

"பொழைச்சுட்டாருங்களா? சந்தோசம்," என்றாள். "மாவு அங்க இருக்குதுங்க. கல்லாட்டம் ஆகாம பாத்து நீங்களே ஊத்திக்குங்க."