மாமியார் தோட்டத்தில் நான் கண்டுபிடித்த செம்பு

கிட்வே செம்புச் சுரங்கத்தின் சோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். என் பேர் லோம்பே. லோம்பே கல்லைப் பார்த்தே செம்பு சொல்வான் என்று ஊரெல்லாம் பரப்பியவனும் நானேதான்.

ஒரு சனிக்கிழமை என் மனைவி ந்காண்டு, அவள் அம்மாவின் மரவள்ளித் தோட்டத்திலிருந்து ஒரு பச்சைக் கல்லைக் கூடத்துக்கு எடுத்து வந்தாள். பொடித்து, நைட்ரிக் ஆசிடில் போட்டுக் கலக்கி, அமோனியா ஊற்றினேன். செம்பு இருந்தால் அமோனியா நாலு பக்கமும் வந்து அதைக் கட்டிக்கொள்ளும், தண்ணீர் கருநீலமாகிவிடும். ஆனது! மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் நீலம்.

"போய்ச் சொல்லுடி, உங்கம்மா இனிமே ராணி!" என்றேன்.

மாமியாரிடம் நானே சொல்ல முடியாது. எங்கள் வழக்கப்படி, மருமகனை வீட்டுக்குள் அழைக்கும் சடங்கு முடியும்வரை அவன் மாமியாரின் முகத்தைப் பார்க்கவும் கூடாது, பேசவும் கூடாது. அந்தச் சடங்கை நாலு வருஷமாகத் தள்ளிப்போட்ட சோம்பேறி நான்.

திங்கட்கிழமை கூடத்தில் பீற்றிக்கொண்டபோது மேற்பார்வை பார்க்கும் சிகாஸ்வே அம்மா கேட்டார்: "கல்லு போடாம வெறும் ஆசிடுல பாத்தியா?"

பார்க்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். அதுவும் நீலம்! கண்ணாடிக் குச்சி உடைந்ததிலிருந்து நான் கலக்கியது செம்புக் கம்பியால். அது நுரைத்ததைக்கூடக் கல்லின் வீரியம் என்று நினைத்திருக்கிறேன், பாருங்கள். வேறு குச்சி வாங்கிக் கல்லை மறுபடி சோதித்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

மாமியார் தோட்டத்துக்கு ஓடினேன். பாதி மரவள்ளி பிடுங்கிக் கிடந்தது, பிஞ்சுக் கிழங்கோடு. மாமியார் இடுப்பளவு குழிக்குள் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். நான் முதுகைக் காட்டி நின்றபடி, பக்கத்தில் இருந்த ந்காண்டுவிடம் கெஞ்சினேன்: "நிறுத்தச் சொல்லுடி! கல்லுல ஒண்ணுமே இல்ல!"

"நீங்க பண்ணுன கூத்து. நீங்களே சொல்லுங்க."

பின்னால் இன்னொரு செடி முறிந்தது. அவருக்கு வருஷம் முழுக்க அதுதான் சாப்பாடு. திரும்பினேன்.

"அம்மா, செம்பு கல்லுல இல்ல. என் கம்பியிலதான் இருந்துச்சு. நான் ஒரு மடையன்."

மண்வெட்டி நின்றது. நாலு வருஷத்தில் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அது கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்றார். "தண்டு இன்னும் வாடல, எடுத்து நடு. கிழங்கு முத்துற வரைக்கும் எனக்கு உன் வீட்டுலதான் சாப்பாடு."