தேர் நாளில் விழித்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டிக்கு விபூதி பூசிய ஆள் திருவண்ணாமலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளியே பூசியதோடு விட்டிருந்தால் பக்தி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பயத்தில் விசிறி ஓட்டை வழியாக உள்ளேயும் ஒரு சிட்டிகை போட்டேன். அப்போது நான் படித்தது ஏழாம் வகுப்பு. அறிவு மட்டும் மூன்றாம் வகுப்பிலேயே தங்கிவிட்டிருந்தது.

அது மாமாவின் கம்ப்யூட்டர். மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். செங்கம் ரோட்டில் சின்னக் கடை வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடித்துக்கொடுத்தார். ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறேன் என்று கிளம்பியவர் திரும்பி வரவேயில்லை. அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரே பேச்சுதான். “கிரிவலப் பாதையில பாதி பேருக்குத் தாடிதாம்மா. போட்டோ கொண்டாங்க, பாக்கலாம்.” கல்யாணப் போட்டோவில் மாமாவுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, அதை வைத்துத் தேடினால் என்னைத்தான் பிடித்துவருவார்கள். தாடியும் நீள முடியுமாக அவர் இருக்கும் படம் எங்காவது இருந்தால் அது கடைக் கம்ப்யூட்டரில்தான். கட்டட ஓனரோ அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தார். அப்பா அலைந்து மீட்டு, மானிட்டரோடு தூக்கிவந்தார்.

பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும். திரை கறுப்பாகவே கிடக்கும். அந்தக் கறுப்பில் அத்தையின் முகம் மட்டும் மங்கலாகத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“தொறந்து பாத்தா சரி பண்ணிடலாம்” என்றேன்.

“கரண்ட் இருக்கறப்ப அதுல கைய வச்சே, முறிச்சிடுவேன்” என்றாள் அம்மா. பிளக்கைப் பிடுங்கினாலும் கரண்ட் உள்ளே ஒளிந்திருக்கும் என்பது அவள் கட்சி. ஆகவே தெருவுக்கே கரண்ட் இல்லாத நாளுக்காகக் காத்திருந்தேன்.

பெரிய தேர் ஓடும் நாளில் மாட வீதிப் பக்கம் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் கரண்ட். அன்று அப்பாவும் அம்மாவும் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். அத்தை போகவில்லை. எனக்கும் வயிற்றுவலி, நானே வரவழைத்தது.

மூடியைக் கழற்றியதும் உள்ளிருந்து ஜவ்வாது வாசனை வந்தது. மாமாவின் வாசனை. கையை இழுத்துக்கொண்டேன். உள் விசிறியில் நீளமாக ஒரு முடி சுற்றியிருந்தது. அத்தை அதை மெல்லப் பிரித்தெடுத்துத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். அப்போதுதான் நான் விபூதிச் சம்புடத்துக்கு ஓடினேன்.

“அதுக்கு எதுக்குடா விபூதி?”

“தூசுக்கு அத்தை.”

பவர் சப்ளையிலிருந்து வரும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன். போர்டில் அகலமான பிளக் சரியாக உட்கார்ந்திருந்தது. நாலு ஓட்டை வைத்த சின்னச் சதுர பிளக் ஒன்று மட்டும் எதிலும் சேராமல் தொங்கியது. பிராசசர் பக்கத்தில் அதே அளவில் காலி இடம். வைத்து அழுத்தினேன். டக்கென்று பிடித்துக்கொண்டது. எல்லா ஒயரையும் மாட்டி, சுவர் சுவிட்சையும் போட்டுவைத்துவிட்டுக் கரண்டுக்காகக் காத்திருந்தோம்.

பொழுது சாய்ந்து வீடு இருட்டியது. தூரத்தில் ‘அரோகரா’ எழுந்து அடங்கியது. திடீரென்று விசிறி உறுமியது. பட்டனை நான் தொடவில்லை. அத்தையும் தொடவில்லை.

திரை நீலமாகி, வெளுத்து, அதில் மாமா வந்தார். காவி கட்டியிருந்தார். பின்னால் கடைச் சுவரும் பத்திரிகை மாதிரிகளும். எங்களையே நேராகப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். மாமா சிரித்து நான் பார்த்ததேயில்லை. செத்துப்போனவர்தான் வந்திருக்கிறார் என்று அலறிக்கொண்டு அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினேன்.

அத்தை அலறவில்லை. கிட்டே போய்த் திரைக் கண்ணாடியில் அவர் முகத்தைத் தொட்டாள். படபடவென்று பொரிந்தது. அவள் கை ரோமமெல்லாம் எழுந்து நின்றது. அந்தச் சிரிப்பை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். உள்ளே கைவிட்டு அந்தச் சதுர பிளக்கையும் கழற்றினாள்.

“யார் கிட்டயும் மூச்சு விடாத.”

அப்பா வந்ததும், “அது ஆவாதுண்ணா, இரும்புக்கே போட்டுடு” என்றாள்.

என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குப் பரம திருப்தி.

வளர்ந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும்படி செட்டிங் வைக்கலாம், அடிக்கடி கரண்ட் போகும் கடைகளில் அப்படித்தான் வைப்பார்கள். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி அத்தையிடம் ஓடினேன். அது ஆவியுமில்லை ஒன்றுமில்லை, மாமா திரை முகப்பில் வைத்திருந்த தன் போட்டோதான் என்று விளக்கிவிட்டுக் கேட்டேன்: “பயப்படாம அந்தப் போட்டோவ எடுத்திருந்தா மாமாவக் கண்டுபிடிச்சிருக்கலாமே அத்தை?”

அத்தை நிமிராமலே சொன்னாள்:

“காவியில சிரிச்சிக்கினு இருந்தாருடா.”