பாசி மாமாவும் கண்ணாடித் தொட்டியும்

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான்: பாசி. நீச்சல் குளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறார். காலையில் முதல் ஆளாகப் போய், நீளக் கம்பில் மாட்டிய வலையால் இலை தழைகளை அள்ளி, குளத்தின் விளிம்பை பிரஷ்ஷால் தேய்த்து, சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து, குளோரின் பொடியைக் கரைத்து ஊற்றினால்தான் அவருக்குப் பொழுது விடியும். நீந்த வரும் பிள்ளைகள் வைத்த பெயர் பாசி மாமா. அது அவருக்குத் தெரியாது என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். இவர் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பார். ஒருமுறை என் தங்கை வீட்டில் பூச்சாடித் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதென்று யாரையும் கேட்காமல் மாற்றிவிட்டார். "வந்த கையோட பாத்திரத்தையும் கழுவிக் குடுத்துட்டுப் போங்க அத்தான்" என்றாள் அவள். கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். மனிதர் அப்படி.

இப்படிப்பட்டவர் வீட்டில் எங்கள் மகள் மீன் தொட்டி வைத்தாள். வெறும் மீன் என்றால் கூடப் பரவாயில்லை, தண்ணீருக்குள் செடி வளர்க்கிறாளாம். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி, அடியில் கறுப்புச் சரளை, ஐந்து வகைச் செடி, சுண்டுவிரல் நீளத்தில் ஆறு மீன். எல்லாவற்றையும் வைத்துப் பன்னிரண்டு நாள் ஆவதற்குள் அவளுக்கு வேலை கிடைத்து, ஆறு மாதப் பயிற்சிக்கு வேறு ஊருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று என்னைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அம்மா, இது செடிக்கு உரம். வாரத்துக்கு ஒரு மூடிதான். ஞாயித்துக்கிழமை கால்வாசித் தண்ணி மாத்திட்டு ஊத்து. லைட் ஆறு மணி நேரம் எரிஞ்சா போதும். அப்புறம், அப்பா தொட்டிப் பக்கமே வரக் கூடாது." குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை.

அப்பா அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயே திறக்கவில்லை.

திறக்க முடியாது. அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் மூன்று மீன்களும் இருந்தன. தண்ணீர் லேசாகப் பச்சை தட்டியது. இவருக்குக் கை சும்மா இருக்குமா? குளத்துப் பொடியில் ஒரு சிட்டிகை போட்டார். மூன்றும் மிதந்தன. அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கடைக்கு ஓடி, அதே மாதிரி மூன்று வாங்கி வந்து விட்டுவிட்டார். வந்தவள் இரண்டே நிமிடத்தில் கேட்டாள், இந்த மீனுக்கு வாலில் புள்ளி எப்படி வந்தது என்று. "வயசானா நிறம் மாறும்மா" என்றார்.

அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எதையும் அப்பா கையில் கொடுப்பதில்லை. சைக்கிள் சங்கிலி கழன்றாலும் என்னிடம்தான் வருவாள், கல்லூரி விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும் என்னிடம்தான். சைக்கிளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பன்னிரண்டு வருடமாக அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அவ ஏன் எங்கிட்ட எதையுமே குடுக்க மாட்டேங்கறா?" வேறு எந்த ஆசையும் இல்லாத மனிதர். மகள் ஒரு பொருளைக் கொடுத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். மூன்றாவது வாரம் செடிகளின் இலைகள் மஞ்சளாகி, பிறகு கண்ணாடி மாதிரி ஆகி, கரைய ஆரம்பித்தன. பிள்ளை இளைத்துப் போனால் தட்டில் கூடுதலாக இரண்டு கரண்டி வைப்பதில்லையா? வாரம் ஒரு மூடி உரத்தைத் தினம் ஒரு மூடியாக்கினேன். வெளிச்சம் போதவில்லையோ என்று காலையில் போட்ட விளக்கைப் படுக்கப் போகும்போதுதான் அணைத்தேன். அவள் போனில் கேட்டால், "எல்லாம் ஜம்முனு இருக்கு" என்றேன். பத்து நாளில் தண்ணீரே பச்சையாகிவிட்டது. மீன் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பலகையில் என் கையாலேயே எத்தனை முறை எழுதியிருப்பேன்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை அதே கடைக்குப் போய் அதே செடிகளை வாங்கி, தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நட்டுவிடுவது. வாளி தூக்க ஆள் வேண்டுமே என்று அவரிடம் சொன்னேன்.

தொட்டிப் பக்கம் வரக் கூடாதென்ற உத்தரவு இருந்ததால் அறை வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "இது என்ன, குளமா குட்டையா?"

"கேலியை அப்புறம் பண்ணுங்க. மீனை வாளியில எடுத்துட்டு உங்க பொடி ஒரு சிட்டிகை போட்டா தெளிஞ்சுடும்ல?"

"அந்தப் பேச்சையே எடுக்காதே." குரல் ஏறிவிட்டது. "புதுச் செடியும் வேண்டாம். இதே வேலையை நான் ஒரு தடவை பண்ணிட்டு இன்னும் அனுபவிக்கறேன். போனைப் போடு, அவகிட்ட சொல்லிடலாம்."

போட்டேன். "அது வந்து..." என்று இழுத்தேன். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு அவரே பேசினார். மனிதர் முதல் வாக்கியத்திலேயே என்னைக் காட்டிக் கொடுத்தார்.

"உங்க அம்மா உரத்தை அள்ளிக் கொட்டிட்டா. தண்ணி பச்சையாயிடுச்சு." பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னொண்ணும்மா. அந்த மூணு மீன். வயசாகியெல்லாம் நிறம் மாறல. நான்தான் பொடி போட்டேன். தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு போட்டேன், செத்துப் போச்சு. உன் மூஞ்சியைப் பாக்க பயந்துக்கிட்டு வேற வாங்கி விட்டேன்."

இணைப்பு போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"தெரியும்பா" என்றாள். "நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்துட்டே இருந்தேன்."

அவளே மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள். "ஏம்பா, தண்ணி ஏன் பச்சையாச்சு?"

பாசியைப் பற்றி இவரிடம் ஒருவர் கேட்டால் விடுவாரா! முதுகு நிமிர்ந்துவிட்டது. "குளத்தைச் சுத்தி புல்லுக்கு உரம் போட்டு, மறுநாள் மழை பேஞ்சா இதேதான் ஆகும். செடி தின்னு மீந்ததைப் பாசி தின்னும். வெளிச்சமும் நாள் பூரா இருந்தா அதுக்குக் கொண்டாட்டம்தான்."

"இலை கரையறது சகஜம்பா. கடையில தண்ணிக்கு வெளியில வளத்த செடி, பழைய இலை போய்த்தான் புது இலை வரும். அம்மாகிட்ட சொன்னேனே." சொல்லியிருப்பாள். என் காதில் விழவில்லை. "சரி, நீங்களே பாருங்க. ஆனா தினமும் ஒரு போட்டோ அனுப்பணும்."

அன்றிலிருந்து, குளோரின் வாடை அடிக்கும் குளத்து வேலைப் பையை வீட்டுக்கு வெளியேயே மாட்டினார். முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று முறை கழுவாமல் தொட்டியை நெருங்கியதில்லை. மூன்று நாள் பழைய போர்வையைப் போட்டு மூடி வெளிச்சத்தை நிறுத்தினார். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் போகட்டும் என்று வாளிகளில் பிடித்து ஒரு நாள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். குளியலறையில் அந்த வாளிகளில் நான் இடித்துக்கொள்ளாத விரல் இல்லை. உரத்தை அடியோடு நிறுத்தி, தண்ணீர் தெளிந்து ஆறு மீனும் கண்ணில் பட்ட பிறகு அரை மூடியை ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து விட்டார். தடித்த வேர்த்தண்டு உள்ள ஒரு செடி சரளைக்குள் புதைந்து அழுகத் தொடங்கியிருந்தது. மகள் சொன்னபடி அதை எடுத்து ஒரு கல்லில் நூலால் கட்டிவைத்தார்.

எல்லாவற்றையும் தாங்கினார், ஒன்றைத் தவிர. "பின்பக்கக் கண்ணாடியில இருக்கற பாசியைத் தேய்க்காதீங்கப்பா, மீன் கொறிக்கும்" என்று சொல்லிவிட்டாள். சிகரெட்டை விட்டவன் மாதிரி தவித்தார். கடைசியில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்தார்.

ஒரு காலையில், "ஏய், ஓடி வா!" என்று கத்தினார். எதுவோ உடைந்துவிட்டதென்று கரண்டியோடு ஓடினேன். நக அளவில், இளஞ்சிவப்பாக ஒரு இலை. "தண்ணிக்குள்ளயே பொறந்த இலைடி இது" என்றார். குளத்தில் எல்லாரிடமும் அந்தப் போட்டோவைக் காட்டியிருக்கிறார். பாசி மாமா கட்சி மாறிவிட்டார் என்று பிள்ளைகள் கூடிக்கூடிச் சிரித்தார்களாம்.

நான்காவது மாதம் மகளுக்கு நாலு நாள் லீவு. அதற்குள் செடிகள் தொட்டியின் பாதி உயரத்துக்கு வந்திருந்தன. அவள் வருகிற காலை, ஆறு மணி நேரக் கணக்கையும் மீறி விளக்கைச் சீக்கிரமே போட்டார். கண்ணாடியைத் துடைத்தார். தலையையும் ஒருமுறை வாரிக்கொண்டார், என்னமோ தொட்டியோடு சேர்த்து அவரையும் பார்க்க வருகிற மாதிரி.

வந்தாள். பையைக் கீழே போட்டாள், ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள், "சரியான தூக்கம் வருதுப்பா" என்று சொல்லிவிட்டுத் தொட்டியைத் தாண்டி நேராக அறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். இவர் கையில் துணியோடு நின்றார்.

நான் பின்னாலேயே போனேன். "ஏண்டி, தொட்டியைப் பாக்கலையா?"

"அப்பா பாத்துக்கறாரும்மா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "எழுந்து பாக்கறேன்."

வெளியே வந்து அவரிடம் அதை அப்படியே சொன்னேன். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. துடைத்த கண்ணாடியையே இன்னொரு முறை துடைத்தார். அதே துணியால் மூக்கையும் துடைத்துக்கொண்டார்.

"அதுக்காக ஒரு நிமிஷம் பாத்துட்டுப் படுத்தா என்னவாம்?" என்றார்.